இடப்பக்கத்து பிரேக்

மே 4, திங்கள்

இந்த டைரி டயர் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஜனவரி, பிப்ரவரி முழுக்க என் மனைவி ருக்குமணி பால் கணக்கு எழுதியிருக்கிறாள். மார்ச்சில் பால்காரரோடு சண்டை. அதோடு கணக்கும் நின்றது. மிச்சப் பக்கங்கள் வீணாகின்றனவே என்று நான் எடுத்துக்கொண்டேன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தவணையில் பாஸ் செய்தவனுக்கு இந்த அளவு காகிதம் போதும்.

பொள்ளாச்சிக்காரனுக்கு ஷூட்டிங் என்பது டிராஃபிக் ஜாம் மாதிரி. வரும், நிற்கும், போகும். இன்று அது என் டிரைவிங் ஸ்கூல் வாசலிலேயே வந்து நின்றது. இருதயம் மாஸ்டர் என்று ஒரு சண்டைக்காட்சி மாஸ்டர், சென்னைக்காரர். பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த என் வெள்ளை அம்பாசிடரை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அதில் படிக்க இப்போது யாரும் வருவதில்லை. ரோட்டில் ஓட்டுவதற்கான எஃப்.சி.யும் முடிந்துவிட்டது. எங்கள் தெருப் பூனைகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்துவருகிறது.

படத்தில் கதாநாயகி அந்த வண்டியில் வேகமாக வந்து, ஒரு களத்தில் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, அரைவட்டம் அடித்து, வில்லன் ஆட்கள் மேல் புழுதியைக் கிளப்ப வேண்டுமாம். டிரிஃப்ட் என்று பெயர். முப்பது வருஷமாக 'வழுக்கிடப் போவுது, மெதுவா, மெதுவா' என்று சொல்லியே சோறு தின்றவன் நான். என் வண்டிக்கா இந்தக் கதி என்று நினைத்தேன்.

காபி கொண்டுவந்த மகள் வாணி மாஸ்டரைக் கேட்டாள். "யாருங்க ஓட்டுவாங்க?"

"நம்ம பையன் ஒர்த்தன் கீறாம்மா. விக்கு வெச்சுப்பான்."

"மீசை?"

"தூசில மீசை இன்னா தெரியப் போவுது?"

"பொண்ணு ஓட்டற வண்டிக்கு மீசை எதுக்குங்க? நான் ஓட்டறேன்."

எல்லாரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். வாணி நம் ஸ்கூலில் பெண்களுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு பந்தயம் மாதிரி வைத்தார். வண்டியைப் பக்கவாட்டில் ஓடத் தோதாக நாங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். ஷூட்டிங் இருபத்தைந்தாம் தேதி. அதற்கு முன்னால் அவர் வந்து களத்தில் இரண்டு டிரம் வைப்பார். நடுவில் வண்டி வழுக்கிக்கொண்டே போக வேண்டும், டிரம்மில் படக்கூடாது.

"படலைன்னா நீதான் ஓட்டற. அப்பால என் டீம்லயும் சேத்துக்கறேன். லேடி டிரைவர் இல்லாம நாங்க படற பாடு இருக்கே! பட்டுச்சுன்னா விக்கு என் பையனுக்கு."

கோகிலவாணி என் ஒரே மகள். காங்கயத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்கு வந்திருக்கிறாள்.

மே 5, செவ்வாய்

எதிர்வீட்டம்மா, "பாப்பா எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டார். பொங்கலுக்கு என்றேன். "எந்தப் பொங்கலுக்கு?" என்று கேட்காமல் போனது அவருடைய பெருந்தன்மை.

மே 7, வியாழன்

வண்டியை டிராக்டரில் கட்டி மன்சூர் பட்டறைக்கு இழுத்துப் போனோம். மன்சூர் என் வண்டிகளை ஆதியிலிருந்து பார்க்கிறவர். என்னைவிட ரெண்டு வயசு சின்னவர், என்னைவிட நிறைய முடி. விஷயத்தைக் கேட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இத்தனை வருசமா இவளை நேராப் போக வெக்கத்தானுங்ணா பாடுபட்டேன். இப்பக் கோணப் போக வெக்கணுமா?" என்றார்.

வாணி போனில் எதையெல்லாமோ பார்த்துப் படம் வரைந்து வைத்திருந்தாள். எனக்குப் புரிந்த அளவு இதுதான். வண்டி வழுக்கும்போது பின்பக்கம் முந்திக்கொண்டு வரப் பார்க்கும். அப்போது முன்சக்கரத்தை எதிர்ப்பக்கமாக நிறையத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அம்பாசிடரின் சக்கரம் அவ்வளவு திரும்பாது. சக்கரத்தைத் தள்ளுகிற இரும்புக் கை ஒன்று இருக்கிறது. அதை வெட்டிக் குட்டையாக்கி ஒட்டினால் அதே ஸ்டீயரிங் சுற்றுக்குச் சக்கரம் இன்னும் அதிகம் திரும்பும்.

"ஸ்டீயரிங் சமாச்சாரத்த வெட்டி ஒட்டறதா?" என்றேன். "லைசென்ஸ் ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"அப்பா, இந்த வண்டிய ரோட்டுல ஓட்டவே போறதில்ல."

"சரி, எங்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"கேக்கலியேப்பா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மே 9, சனி

பின்பக்க வில் பட்டையில் வேனிலிருந்து கழற்றிய இரண்டு பட்டைகளைக் கூடச் சேர்த்தார் மன்சூர். பாலத்தில் ஏறி இறங்கும்போது தொட்டில் மாதிரி ஆடும் என் வண்டி இப்போது கட்டில் மாதிரி கிடக்கிறது. முன்பக்கத்தை இரண்டு விரற்கடை இறக்கியாயிற்று. பின்சக்கரம் ரெண்டும் ஒன்றாகவே சுற்றும்படி நடுவில் இருக்கும் கியர்களையும் பற்றவைத்துவிட்டார். மெதுவாகத் திருப்பினால் டயர் அழுகிறது. ருக்குமணி அதைக் கேட்டு, "வண்டிக்கே புடிக்கலை போலிருக்கு" என்றாள்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் இடது சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தடுமாறினால் பக்கத்தில் உட்கார்ந்து நான் மிதிப்பதற்கு. "இதக் கழட்டிறட்டுங்களா?" என்று மன்சூர் கேட்டார். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது?

மே 11, திங்கள்

ஆழியாறு ரோட்டில் என்னிடம் வண்டி படித்த ஒருவரின் தோப்பு இருக்கிறது. அவர் இப்போது காயை இளநீராகவே விற்றுவிடுவதால் கொப்பரைக் களம் சும்மா கிடக்கிறது. நல்ல சிமென்ட் தரை. ஷூட்டிங்கும் அங்கேதான். இன்று முதல் ஓட்டம்.

வழுக்கவே இல்லை. வழுக்கக்கூடாத நேரத்தில் வழுக்கியது. அந்த இரும்புக் கையைக் குட்டையாக்கியதால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கிறது. வாணியின் பிடி நழுவிக்கொண்டே இருந்தது. அவளுக்கு இடதுகைச் சுண்டுவிரல் மடங்காது. மிச்ச விரல்களால்தான் பிடிக்கிறாள். போன வருஷம் காங்கயத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது. அப்போதே நான் சம்பந்தியிடம் சொன்னேன், தரை டைல்ஸை மாற்றுங்கள் என்று. மாற்றுகிறேன் என்றார்.

இதை மன்சூரிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்ரூம்ல உளுந்தா மணிக்கட்டு போவும், இடுப்பு போவும். சுண்டுவெரலு மட்டும் எப்படிங்ணா போவும்?"

மன்சூர் மெக்கானிக். டாக்டர் இல்லை.

மே 12, செவ்வாய்

சம்பந்தி போன் செய்தார். வெயில், தேங்காய் விலை இதைத்தான் பேசினோம். நடுவில் இருபத்தொன்பதாம் தேதி முகூர்த்த நாள், அன்றைக்கு வந்து அம்மணியைக் கூட்டிப்போனால் தோதாக இருக்கும் என்றார். ஷூட்டிங் இருபத்தைந்தோடு முடிந்துவிடும். ஆமாம், நல்ல நாள்தான் என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை.

மே 14, வியாழன்

மன்சூர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்.

"சைக்கிள கைய உட்டு ஓட்டறதில்லீங்களா? முன்னாடி ஃபோர்க்கு சாஞ்சிருக்கறதாலதான் ஹேண்டில்பார் அதுவா நேராவுது. இங்கியும் சக்கரத்தோட அச்ச அப்படிச் சாச்சு வெக்கிறேன். வண்டி வழுக்க ஆரம்பிச்சதும் அம்மணி ஸ்டீயரிங்க உட்ருணும். அதே ஓடும். வேணுங்கற எடத்துல புடிச்சாப் போதும். மல்லுக்கட்ட வேண்டியதில்ல."

ஸ்டீயரிங்கை விடுவதா! வளைவு முடிந்து ஸ்டீயரிங் திரும்பும்போது உள்ளங்கையில் நழுவவிட்டாலே நான் கத்துகிறவன். ஒரு தாசில்தாரை அழவைத்திருக்கிறேன். இவர்கள் இரண்டு கையையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் களத்தில் பார்த்தேன். வாணி ஹேண்ட்பிரேக்கைச் சுண்டினாள். பின்பக்கம் உதறிக்கொண்டு வந்தது. கையை எடுத்தாள். ஸ்டீயரிங் பேய் பிடித்த மாதிரி தானே சுற்றியது. லேசாகத் தொட்டாள், நின்றது. அந்தப் பெரிய வெள்ளை வண்டி, கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியைத் தாண்டிப் போகும் பெரிய மனுஷர் மாதிரி, ஒருபக்கமாகத் திரும்பி அலுங்காமல் போயிற்று.

மன்சூர் விசிலடித்தார். நானும் அடிக்கப் போனேன். பல்செட் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

மே 16, சனி

இன்று களத்தில் ஒரு சின்ன விபத்து. யாருக்கும் அடியில்லை.

ஷாட் எடுக்கும்போது இடது சீட்டில் ஒரு மணல் மூட்டையைக் கட்டி ஆள் மாதிரி துணி சுற்றுவார்களாம். அந்த எடையோடு ஓட்டிப் பழக வேண்டும் என்று வாணி சொன்னாள். மணல் மூட்டைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது வாணி, மன்சூர் ரெண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள். மணல் மூட்டையாக நான் ஏறி உட்கார்ந்தேன்.

வேகம் எடுத்தாள். வண்டி திரும்பியது. முன்கண்ணாடியில் வரவேண்டிய தென்னைமரங்கள் ஜன்னலில் வந்தன. அவள் கையை எடுத்தாள். அப்புறம் என்னவோ ஆயிற்று. முன்சக்கரம் இறுகி, வண்டி ஒரு முழுச்சுற்று சுற்றி, களத்தைத் தாண்டி, நார்க்கழிவு மேட்டில் போய்ப் புதைந்து நின்றது. கண்ணாடி முழுக்கத் தூள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

வாணி என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே என் காலைப் பார்த்தாள்.

"வெல்டிங் விட்டிருக்கும்" என்று நான்தான் முதலில் சொன்னேன்.

மே 17, ஞாயிறு

காலையில் ஆபீஸைத் திறந்தால் என் மேசைமேல், எல்.எல்.ஆர். விண்ணப்பங்களுக்கு மேல், அம்பாசிடரின் இடப்பக்கத்து பிரேக் பெடல் இருக்கிறது. வாணிதான் கழற்றித் துடைத்து, எண்ணெய்கூடப் போட்டு வைத்திருக்கிறாள்.

"ஃபேன் காத்துல பேப்பரெல்லாம் பறக்குதுன்னு சொல்லிட்டிருந்தீங்களேப்பா" என்றாள். பல் தெரியாமல் சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பேப்பர் பறக்காமல் இருக்கிறது.

மே 18, திங்கள்

இணைப்புக் கம்பி ஒன்று வளைந்திருக்கிறது. வேறு சேதமில்லை. வெல்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மன்சூர் டார்ச் அடித்து எனக்கு மூன்று தடவை காட்டினார். எனக்கு ஒரு தடவையிலேயே தெரிந்தது.

"என் வெல்டிங் உட்டுருச்சுன்னு ஊருக்குள்ள யாராச்சும் சொன்னா எனக்கு எப்படிங்ணா இருக்கும்?"

"நான் யார்கிட்டயும் சொல்லலியே."

"எங்கிட்டச் சொன்னீங்களே."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பாதி மன்னிப்பு.

மே 20, புதன்

ருக்குமணி மாவரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் பேசினால்தான் எங்கள் வீட்டில் முக்கியமான பேச்சே நடக்கும்.

"பாப்பா திரும்பிப் போக மாட்டேங்குது, தெரியுமில்ல உங்களுக்கு?"

"யாரும் எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டு என்ன பண்றது? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் போனா..."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். நிறுத்தினதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாவை வழித்தாள். பிறகு தன் இடதுகைச் சுண்டுவிரலை மற்ற கையால் பிடித்துப் பின்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து எனக்குக் காட்டினாள். கொஞ்சம்தான். அதற்கே முகம் சுளித்தாள்.

"பாத்ரூம் தரை இப்படிப் பண்ணுமா?" என்றாள்.

முட்டி வலி. சீக்கிரம் படுத்துவிட்டேன். படுக்கும் முன்னால் இருபத்தொன்பதாம் தேதியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

மே 22, வெள்ளி

மாஸ்டர் வந்தார். இரண்டு டிரம் வைத்தார். விக் வைக்கப்போகும் பையனும் வந்திருந்தான், நல்ல பையன், வாணிக்கு ஆல் தி பெஸ்ட் சொன்னான். இடது சீட்டில் நிஜமான மணல் மூட்டை. என்னைவிட ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

நான் தென்னைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெயில் என்று சொல்லிவைத்தேன். வலது காலை மரத்தின் அடிவேரில் அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்புறம் கால் மரத்துப் போனபோதுதான் தெரிந்தது.

வந்தாள். திரும்பினாள். கையை எடுத்தாள். முதல் டிரம்முக்கும் வண்டியின் முன்மூலைக்கும் நடுவில் ஒரு முறம் போகும் இடம். இரண்டாவது டிரம்மை வால் தொடுகிற மாதிரி வந்து, தொடாமல் போயிற்று. புழுதி அடங்கினதும் மாஸ்டர் போய் டிரம்மைத் தடவிப் பார்த்தார். விக்கைத் தூக்கி வாணியிடம் போட்டார்.

"ந்தா, உன்னுது. ஆனா சென்னைக்கு வரணும். மாசத்துல பாதி நாள் வெளியூர்தான். வூட்டுல ஒத்துப்பாங்களா?"

வாணி என்னைப் பார்க்கவில்லை. "வர்றேனுங்க" என்றாள்.

அப்புறம் மாஸ்டர் சொன்னார்: கதாநாயகிக்குத் தேதி சரிப்படவில்லை. ஷூட்டிங் இருபத்தைந்து இல்லை, இருபத்தொன்பது.

சம்பந்தி வருவதாகச் சொன்ன அதே முகூர்த்த நாள். வேலை இருப்பது மாதிரி ஒரு டிரம்மை ஓரமாக உருட்டிக்கொண்டு போனேன்.

மே 24, ஞாயிறு

சம்பந்திக்குப் போன் செய்தேன், தேதியைத் தள்ளச் சொல்ல. நான் ஹலோ சொல்வதற்குள் அவர் சேலை எடுத்தாயிற்று, மாப்பிள்ளை லீவு போட்டாயிற்று என்று ஆரம்பித்துவிட்டார். "வேற ஏதாச்சும் சொல்லணுமுங்களா?" என்று கடைசியில் கேட்டார். மழை வருமா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மே 26, செவ்வாய்

மறுபடி போன் செய்தேன். மறுபடி மழை.

மே 28, வியாழன்

சம்பந்தி நாளைக்கு வருகிறார் என்று ருக்குமணியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று கிரைண்டர் ஓடும்போது சொன்னேன். திட்டவில்லை. "பாப்பாகிட்ட நாளைக்கு வண்டி ஓட்டி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றாள். "மிச்சத்தை நீங்க பாத்துக்கங்க." மிச்சம் என்றால் எது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி இருக்கிறது.

மே 29, வெள்ளி

களத்துக்கு ஊரே வந்திருந்தது. கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஐஸ் வண்டி. வாணிக்குச் சிவப்புச் சேலை, விக், மேக்கப். கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மன்சூர் ஒவ்வொரு சக்கரத்தையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. சம்பந்தி. "உடுமலை தாண்டிட்டோமுங்க. வீட்டுலதான இருக்கறீங்க?"

"வீட்டுலதானுங்க" என்றேன்.

ருக்குமணி, நான் போகிறேன் என்றாள். "நீ போனா சண்டை போடுவே. நான் போனாக் காபி போடுவேன்" என்றேன். "சண்டை போடற எடத்துல காபி போட்டுட்டு வந்துறாதீங்க" என்றாள். வாணியிடம் சொல்லவில்லை. கேமராவைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள், இன்னும் நேரமிருந்தது. போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்கூட்டரை எடுத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

சம்பந்தியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தட்டில் பழம், பூ, சேலை. மாப்பிள்ளை கொஞ்சம் இளைத்திருந்தார். உட்காரவைத்துக் காபி போட்டேன். சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியவில்லை. எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தேன், ஒன்றில்கூட இல்லை. சர்க்கரை இல்லாமலே டம்ளரில் ஊற்றி வைத்தேன்.

"அம்மணி எங்கீங்க?" என்றார் சம்பந்தி.

"வேலைக்குப் போயிருக்குதுங்க."

"என்ன வேலைங்க?"

"வண்டி ஓட்டறதுங்க."

மாப்பிள்ளை, "வேண்டாம்னு நான் சொல்லியிருந்தேனே மாமா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எப்போதுமே மரியாதையான பையன். இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"வாணிக்கு வெரலு எப்படிங்க மாப்ளை போச்சு?"

சம்பந்தி முந்திக்கொண்டார். "அது பழைய கதைங்க. கதவுல மாட்டிட்டு..."

"பாத்ரூம்னு சொன்னாங்க."

"பாத்ரூம் கதவுங்க."

அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு எரிச்சல் வந்துவிட்டது. அப்பாவின் பொய் பலவீனமாக இருந்ததில் வந்த எரிச்சல் என்று நினைக்கிறேன்.

"கார் சாவிய எடுத்துட்டு மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டா மாமா. குடுன்னா குடுக்கல. கைய மூடிக்கிட்டா. நான் வாங்கத்தான் பாத்தேன்."

ஃபேன் சுற்றியது. கையை மூடிக்கொண்டால் எப்படி வாங்குவது? ஒவ்வொரு விரலாகத்தான் திறக்க வேண்டும். சின்ன விரலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யே இரண்டு தவணை.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். அலுப்பாக இருந்தது. அடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அடித்திருந்தால் என் முட்டிதான் போயிருக்கும்.

"காபி ஆறுது" என்றேன். பிறகு, "வாணி வராதுங்க."

"எப்பத்தான் வரட்டும்னு சொல்றீங்க?" என்றார் சம்பந்தி.

"வராதுங்க."

"இன்னிக்கு இல்லைன்னா, ஆடிக்கு முன்ன ஒரு நாளு..."

"இன்னிக்கின்னு இல்லீங்க. வராதுங்க. நீங்க வக்கீல் வெச்சாலும் சரி, ஊர்ப் பெரியவங்களக் கூட்டிட்டு வந்தாலும் சரி. நான் இருபத்தொம்போது நல்ல நாள்னு சொன்னது தப்புங்க. எம்மேல கோவிச்சுக்கங்க. பாப்பா மேல கோவிச்சுக்கறதுக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க."

சம்பந்தி என்னென்னவோ பேசினார். என் வளர்ப்பு, ஊர்ப் பேச்சு, சீர் கணக்கு. பெரும்பாலும் அவர் சொன்னது எல்லாம் நானே எனக்குள் சொல்லிப் பார்த்ததுதான், அதனால் புதிதாக வலிக்கவில்லை. பேசி முடித்து எழுந்தார். நான் தட்டை எடுத்துப்போய் அவர்கள் காரின் பின்சீட்டில், பூ நசுங்காமல் வைத்தேன்.

எங்கள் சந்து குறுகல். மாப்பிள்ளைக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை சுவரை உரசப் போனார். தொழில் பழக்கம், விட முடியவில்லை. பின்னால் போய் நின்று, "ஒடிங்க, இன்னும் ஒடிங்க, நேரா... வரலாம், வரலாம்" என்று கை காட்டி மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவிட்டேன். என் சர்வீஸில் ஒருவரை இவ்வளவு கவனமாகப் பின்னோக்கி அனுப்பி வைத்ததே இல்லை.

அப்புறம் ஸ்கூட்டரை எடுக்கலாம் என்று நினைத்தேன். மனசு ரோட்டில் இல்லை. மனசு வேறெங்கோ இருக்கும்போது வண்டி எடுக்கக்கூடாது என்று நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே தூங்கியும்விட்டேன் போலிருக்கிறது.

கண் விழித்தபோது வாணி எதிரில் நின்றாள். சிவப்புச் சேலை இல்லை, ஆனால் மேக்கப் அப்படியே இருந்தது. பின்னால் ருக்குமணி, மன்சூர்.

"எங்கீங்கப்பா போனீங்க? டேக் ஓகே ஆனதும் திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணோம்."

"ஓகே ஆயிருச்சா?"

"ஒரே டேக்குங்ணா!" என்று மன்சூர் ஆரம்பித்தார். ருக்குமணி அவர் கையை இடித்தாள். மேசைமேல் இருந்த இரண்டு காபி டம்ளர்களையும் பார்த்துவிட்டாள். வாணியும் பார்த்தாள்.

"யாரு வந்தாங்க?"

"காங்கயத்துக்காரங்க."

அவள் முகத்தில் பவுடருக்குக் கீழே ஏதோ நின்றுபோயிற்று.

"கூட்டிட்டுப் போகணும்னாங்க. வராதுன்னு சொல்லிட்டேன்" என்றேன். அதற்குமேல் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "சாவி சமாச்சாரமும் சொன்னாங்க."

வாணி உட்கார்ந்தாள். பிறகு ஒரு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினாள்.

"சக்கரையே இல்ல!"

"டப்பா எங்கன்னு தெரியல."

"இத்தனை வருசமா இந்த வீட்டுலதான இருக்கறீங்க?" என்று ருக்குமணி கேட்டாள். வாணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் வேறொன்றாக மாறி, மேக்கப் எல்லாம் கோடு கோடாக இறங்கி, மறுபடி சிரிப்பாயிற்று. ருக்குமணி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மன்சூர் ஜன்னல் கம்பியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார்.

"நான் பாக்கலியே சாமி" என்றேன். "அந்த ஷாட்டை."

வாணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு டம்ளரை மேசையின் நடுவில் வைத்தாள். "இதுதான் கேமரா" என்றாள். காபி நிறைய இருந்த இன்னொரு டம்ளரை எடுத்து மேசை ஓரத்திலிருந்து வேகமாகக் கொண்டுவந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் வந்ததும் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாள். டம்ளர் சாய்ந்து, பக்கவாட்டிலேயே வழுக்கி, அதைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப்புறம் நின்றது. காபி விளிம்பு தாண்டிச் சிந்தியது. ருக்குமணி துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இரு" என்றேன்.

மேசையில் ஒரு நல்ல அரைவட்டம். தொடங்கின இடத்தில் மெல்லிசாக, வழுக்கின இடத்தில் அகலமாக. அது காய்கிற வரைக்கும் நாலு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.